பேய்ப் பெயர்கள் மனிதர்மேல் ஏறிய கதை

தமிழ்ச் செய்தித்தாள்களில் ‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல் வராத வாரம் குறைவு. விவசாயிகளுக்காக எதிர்க்கட்சி நீலிக்கண்ணீர் வடிக்கிறது என்று அமைச்சர் அறிக்கை விடுவார். மீனவர்களுக்காக ஆளுங்கட்சி வடிப்பதுதான் நீலிக்கண்ணீர் என்று மறுநாளே பதில் வரும். இரு தரப்பும் தயங்காமல் எடுத்து வீசும் இந்தச் சொல்லுக்குள் ஒரு பேய் இருக்கிறது. அந்தப் பேய்க்கு ஊர் உண்டு, பெயர் உண்டு, தீராத வழக்கு ஒன்றும் உண்டு.

ஊர் பழையனூர். திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டியிருக்கும் சிற்றூர். சொல்பவர்களைப் பொறுத்துக் கதை மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். முற்பிறவியில் கணவன் கையால் கொல்லப்பட்ட ஒரு பெண், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வருகிறாள். அவனிடம் மந்திர வாள் ஒன்று இருப்பதால் நெருங்க முடியவில்லை. ஆகவே மனைவி வேடம் போட்டுக்கொள்கிறாள். இடுப்பில் ஒரு பிள்ளை. அது கரிக்கட்டை என்று சில கதைகள் சொல்லும். குமரிப் பக்கம் கள்ளிக்கொம்பு என்பார்கள். பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய பஞ்சாயத்தில் நின்று, கட்டியவன் கைவிட்டுவிட்டான் என்று அவள் அழுகிறாள். பிள்ளை வணிகனைப் பார்த்து ‘அப்பா’ என்கிறது. இவள் பெண்ணல்ல, பேய் என்று அவன் கதறுவது எடுபடவில்லை. உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

இது பாட்டி கதை மட்டுமல்ல. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டைப் பாடியபோதே, வஞ்சனையால் உயிர் கவர்ந்த பெண்ணின் கதை அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பதிகம் அதைக் குறிப்பிடுகிறது. தெற்கே முப்பந்தலில் இதே நீலி இசக்கியம்மனாகக் கோயில் கொண்டிருக்கிறாள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளுக்கு நடுவே அந்தக் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் போகும் ஓட்டுநர்கள் குறைவு.

இன்னொரு திருப்பமும் இந்தக் கதைக்கு உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யின் நாயகி இந்த நீலிதான். சுடுகாட்டில் தவம் செய்யும் முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்திக் கலைக்க அவளை அனுப்புகிறார்கள். போனவள் அவரிடமே பாடம் கேட்டுச் சமணம் தழுவி, பௌத்தரோடும் வேதவாதிகளோடும் ஊர் ஊராகப் போய் வாதிட்டு வெல்கிறாள். ஒரு பேயைத் தருக்க நூலின் தலைவியாக்கிய மொழி இது. ஆனால் நாளிதழ்த் தமிழ் அந்த நீலியை எடுத்துக்கொள்ளவில்லை. கொலையுண்டவளையும் எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டது. பொய்யாக அழுதாள் என்பது நினைவில் நின்றது. முதலில் கொல்லப்பட்டவள் அவள் என்பது சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது. நியாயம் கேட்டு அழும் பெண்ணைப் பார்த்து ‘நீலி’ என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால், உதிர்ந்த அந்தப் பாதியை நினைவூட்டுவது அகராதி வேலையைவிடக் கொஞ்சம் பெரிய வேலை.

இந்தச் சொற்பொழிவின் கருத்தும் அதை ஒட்டியதுதான். தமிழில் அச்சமூட்டும் உருவங்களுக்கு இட்ட பெயர்கள் இன்று அந்த உருவங்களைச் சுட்டுவதைவிட மனிதரைச் சுட்டவே அதிகம் வழங்குகின்றன. சில பெயர்களை மனிதர் தாமே சூட்டிக்கொண்டார்கள். சில பிறரால் ஏற்றப்பட்டன. இரண்டும் ஒன்றல்ல.

தாமே சூட்டிக்கொண்டவர்களில் முதல்வர் அதே திருவாலங்காட்டில் வாழ்ந்தவர். காரைக்கால் அம்மையார் தம் பாடல்களில் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே சொல்லிக்கொள்கிறார். மாங்கனி அற்புதம் கண்டு அஞ்சிய கணவன் வேறொரு பெண்ணை மணந்துகொண்ட பிறகு, அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று பேயுருவை வேண்டிப் பெற்றவர் என்கிறது பெரியபுராணம். வற்றிய உடல், புடைத்த நரம்பு, குழிந்த வயிறு. கையில் மட்டும் தாளம். கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடவல்லான் காலடியில் அப்படித்தான் அமர்ந்திருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள செப்புத் திருமேனியும் அதே தோற்றம்தான். மயிலாப்பூரில் பிறந்த பேயாழ்வார் பெயரிலும் பேய் உண்டு. இறைப்பித்து ஏறி ஆடியவர் என்பதற்காக வந்த பெயர் அது. ஆணும் பெண்ணுமாக இருவர், சைவமும் வைணவமுமாக இரு நெறி. இரண்டிலும் ‘பேய்’ வணங்கப்படும் பெயர்.

பேய் என்ற சொல்லின் வேர் அச்சம்தான். பே, நாம், உரும் என்ற மூன்று சொற்களும் அச்சப் பொருள் தருவன என்று தொல்காப்பிய உரியியல் சொல்லிவிட்டது. அச்சம் தரும் ஒன்று அளவு மீறியதாகவும் இருக்கும். வீட்டுக்கு அடங்காததாகவும் இருக்கும். இந்த இரண்டு கிளைகளில்தான் இன்றைய ‘பேய்’ நடமாடுகிறது. அளவு மீறினால் பேய்மழை, பேய்க்காற்று, பேயாட்டம், பேய் வேகம். ‘பேய் மாதிரி உழைக்கிறான்’ என்றால் பாராட்டு. ‘பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான்’ என்றால் திகைப்பு. பழந்தமிழில் கானல்நீருக்குப் பேய்த்தேர் என்று பெயர். பொட்டல் வெயிலில் ஓடுவதுபோல் தெரிந்து, கிட்டப் போனால் இல்லாமல் போகும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. அதை யாரும் மறுபடி எடுத்தாளாதது இழப்பு.

இரண்டாவது கிளை செடிகொடிகளில் படர்ந்திருக்கிறது. பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு, பேய்க்கொம்மட்டி, பேயத்தி, பேய்க்கரும்பு. எல்லாமே தோட்டத்துப் பயிர்களின் காட்டு வடிவங்கள். பெரும்பாலும் கசப்பவை, சமையலுக்கு ஆகாதவை. பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததாகச் சொல்லும் கதையின் வியப்பே, பேய்க்கரும்பு இனிக்காது என்பது கேட்பவருக்குத் தெரியும் என்பதில்தான் இருக்கிறது. இந்த வரிசையில் மாறி நிற்பது பேய்மிரட்டி. சாலையோரத்தில் தும்பைக்கு அண்ணன் போல வளரும் செடி. பெருந்தும்பை என்றும் சொல்வார்கள். இலையைத் தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும். கசக்கினால் மூக்கைத் துளைக்கும் மணம். பச்சை இலையையே திரியாகச் சுருட்டி, எண்ணெயில் நனைத்து, அகலில் வைத்து ஏற்றினால் பஞ்சுத்திரி போல நின்று எரியும். அந்தப் புகைக்குக் கொசு அண்டாது என்று இயற்கை வேளாண்மைக்காரர்கள் இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். மிரட்டிய பேய் எதுவாக இருந்தாலும், மழைக்கால இரவுகளில் குடிசைக்குள் காய்ச்சலைக் கொண்டுவந்தது கொசுதான் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தப் பெயருக்கு மரியாதை கூடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இதே சொல் வேறு பக்கம் திரும்பியது. அங்கே பேயன் என்றால் முட்டாள். பேய்க்கதை என்றால் திகில் கதை அல்ல, பொருளற்ற பேச்சு. ‘என்னைப் பேய்க்காட்டாதை’ என்றால் என்னை ஏமாற்றாதே என்று பொருள். தமிழகத்திலிருந்து முதல்முறை போகிறவர் இதைக் கேட்டு விழிப்பார். பேயைக் காட்டி மிரட்டுவதும் ஏமாற்றுவதும் ஒரே செயல்தான் என்று அந்த வழக்கு கண்டுகொண்டிருக்கிறது. தமிழகத்தில் அந்த இடத்தைப் பூச்சாண்டி பிடித்துக்கொண்டது.

பூதத்தின் கதை சுருக்கமானது, கொஞ்சம் மகிழ்ச்சியானதும்கூட. சிலப்பதிகாரத்துப் புகாரில் நாற்சந்தியில் நின்ற சதுக்கப்பூதம் பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் பொய்த்தவம் செய்வோரையும் கயிற்றால் கட்டி அடித்து உண்டது. இன்று பூதம் என்றால் பெரியது, அவ்வளவுதான். ஊழல் புகார் ‘பூதாகரமாக’ வெடிக்கிறது. கிணறு வெட்டினால் பூதம் புறப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் எறும்பின் காலைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். 1967இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவாக வந்த பிறகு, தமிழ்க் குழந்தைகளுக்குப் பூதம் சொன்னதைச் செய்யும் வேலைக்காரனாகிவிட்டது.

வேதாளத்தைத் தமிழ் தன் வீட்டுக் கொல்லைக்கே கொண்டுவந்தது. வடமொழியில் அது தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழில் முருங்கை மரத்தில். முறியும் கிளைக்குப் பேர்போன மரம், வாசலில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் ஒதுக்கிய மரம். அதில் பிணத்தோடு தொங்கும் உருவம் தமிழ்க் கண்ணுக்கு உடனே பிடிபட்டது. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தன், பல தலைமுறைகளின் மனத்தில் பதிந்தது. இன்று வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது என்றால், விட்ட பழக்கத்துக்குத் திரும்பிய கணவரையோ கூட்டணி மாறிய தலைவரையோதான் குறிக்கும்.

முனியின் போக்கு வேறு. வடமொழியில் தவசி, தமிழக ஊர்ப்புறத்தில் உச்சிப்பொழுதில் தனியாகப் போகிறவரை அடித்துவிடும் வலிய ஆவி. ‘முனி அடிச்சிருச்சு’ என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால் அஞ்சிய சனங்களே முனியைக் காவலுக்கும் வைத்துக்கொண்டார்கள். சென்னை பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் புது வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் ஊருக்குள் ஓடும். மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியின் முனியாண்டி, ஓட்டல் பலகைகளில் ஏறித் தமிழகம் முழுக்கப் போனார். தை மாதத் திருவிழாவில் அங்கே பிரசாதம் பிரியாணி. கடல் கடந்தும் போனார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முனீஸ்வரன் கோயில்கள் பல. கயானாவில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் தமிழ்ப் பேச்சை இழந்த பின்னும் மாரியம்மா, மதுரைவீரன், முனீஸ்வரனோடு காட்டேரியையும் வணங்குகிறார்கள். இங்கே ‘இரத்தக் காட்டேரி’ டிராகுலாவுக்கும் கந்துவட்டிக்காரருக்கும் வைக்கும் பெயர்; அங்கே பிள்ளைப்பேறு கேட்டுப் பெண்கள் போகும் தாய். தோட்டத்தில் இழந்தவை பலவற்றுக்கு நடுவே அவர்கள் கைவிடாமல் வைத்திருக்கும் சொற்களில் ஒரு பேயின் பெயரும் இருப்பதைத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

செத்துப்போன சொல் உயிர்த்த நிகழ்ச்சியும் உண்டு. அலகை என்பது பேய்க்குப் பழைய பெயர். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்று சொல்பவனை அலகையாக எண்ணச் சொல்கிறது 850ஆம் குறள். பேச்சில் அது மறைந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு, பழைய மொழிபெயர்ப்பு ‘பிசாசு’ என்று வைத்த இடத்தில் அலகையை எடுத்து வைத்தது. பாலை நிலத்தில் இயேசு சோதிக்கப்பட்ட மத்தேயுப் பகுதி வாசிக்கப்படும் தவக்கால ஞாயிற்றில், கத்தோலிக்கக் கோயில்களில் மீனவப் பெண்களும் பள்ளிச் சிறுவர்களும் திருக்குறள் காலத்துச் சொல் ஒன்றை ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். தமிழாசிரியர்கள் முயன்றும் கைகூடாத வேலையை ஒரு மொழிபெயர்ப்புக் குழு செய்திருக்கிறது. அணங்கும் இப்படி ஏறிய சொல்தான். மலையிலும் நீர்த்துறையிலும் இருந்து வருத்திய சக்தி, பிறகு அழகிய பெண்ணாகி, மனோன்மணீயம் சுந்தரனாரின் 1891ஆம் ஆண்டு வாழ்த்தில் தமிழணங்கானது. 2022 ஏப்ரலில் ஏ.ஆர். ரகுமான் ‘தமிழணங்கு’ ஓவியத்தைப் பகிர்ந்தபோது, மொழிப் போராட்டத்தின் கொடியாக அந்தச் சொல் ஒரே நாளில் கைப்பேசிகளில் பரவியது.

திரைப்படத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும் ஒன்று போதும். 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’, 2014இல் ‘அரண்மனை’ என்று வந்த வரிசையில் பேய் பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவரே. காஞ்சனாவில் அது ஒரு திருநங்கை. சிரிக்க வைக்கும் காட்சிகளுக்கு நடுவே, கொன்றவனைத் தேடி வந்த நீலியின் வழக்கைத் திரையரங்கம் மறுபடி விசாரிக்கிறது. நாளிதழ் மறந்த பாதியைச் சினிமா நினைவில் வைத்திருக்கிறது.

ஆனால் எல்லாப் பெயர்களும் இப்படி நல்லபடியாக அடங்கிவிடவில்லை.

அச்சம் நான்கு வழியில் பிறக்கும் என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பதற்கு அரசன், ஆசான், தந்தை என்றெல்லாம் உரை சொல்வார்கள். மொட்டைமாடியில் பிள்ளைக்குச் சோறூட்டும் எந்தத் தாயின் பேச்சையும் கூர்ந்து கேட்டால் இந்த நான்கும் வரிசையாக வந்துவிடும். பூச்சாண்டி வருவான்; நாய் வந்து கடிக்கும்; பிள்ளை பிடிக்கிறவன் தூக்கிட்டுப் போவான்; போலீஸ் வந்து பிடிக்கும், இல்லாவிட்டால் மிஸ் அடிப்பார். இலக்கணம் படிக்காத தாய்மார்கள் நூற்பாவைப் பிசகாமல் காத்து வந்திருக்கிறார்கள்.

இந்த நால்வரில் பூச்சாண்டி முற்றிலும் அடங்கிவிட்டான். பூச்சு என்பது திருநீற்றுப் பூச்சு, ஆண்டி என்பது இரந்து வரும் துறவி என்று பிரிப்பார்கள். கண்ணிமையை மடித்துக் காட்டித் தோழரை மிரட்டும் குட்டிக் கண்ணனைப் பெரியாழ்வார் ‘அப்பூச்சி காட்டுகிறான்’ என்று பாடியதையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். இப்போது சட்டமன்றத்தில்தான் பூச்சாண்டி அதிகம் வருகிறான். வருமான வரிச் சோதனை பூச்சாண்டி, வழக்குப் பூச்சாண்டி, இதற்கெல்லாம் அஞ்ச மாட்டோம்.

பிள்ளை பிடிக்கிறவன் அடங்கவில்லை. 2018 மே மாதத்தில் வாட்ஸ்அப் வழியே பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாகப் பொய்ச் செய்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, வழியில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்ததில் இறந்தார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே பெயரால் கொல்லப்பட்டார். சோறூட்டப் பயன்பட்ட சொல், வளர்ந்தவர்கள் கையில் தடியாகிவிட்டது. பூச்சாண்டி இல்லை என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வயதில் தெரிந்துவிடுகிறது. பிள்ளை பிடிக்கிறவன் இருக்கக் கூடியவன் என்பதால் அந்த அச்சத்துக்கு வயது வரம்பு இல்லை. வெளியூர் முகம் ஒன்று கிடைத்தால் போதும்.

அதைவிடப் பழைய காயம் ‘பேய் பிடித்திருக்கிறது’ என்பது. இதில் இலேசான வடிவமும் உண்டு. தூக்கத்தில் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவது, கத்த நினைத்தும் குரல் வராதது. இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். கனவு காணும் உறக்கத்தில் கை கால் அசையாதபடி மூளையே தசைகளைப் பூட்டி வைக்கிறது. பூட்டு திறப்பதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால் நேர்வது இது. அமுக்குவான் என்ற பெயர் நிற்கட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. காரணம் தெரிந்த பின்னும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கலாம்.

மனநோய் வந்தவர்மேல் பேய் என்ற சொல் ஏறும்போதுதான் சிரிக்க முடியாது. குரல்கள் கேட்கிறது என்று சொல்லும் இளைஞன், பிரசவத்துக்குப் பிறகு உறங்காமல் அழும் தாய், பேச்சை நிறுத்திவிட்ட மகள். ஒருவருக்கு நோய் என்றால் மருந்து உண்டு, அவர் சொல்வதைக் கேட்க ஆள் உண்டு. பேய் என்று முடிவாகிவிட்டால் பேசுவது அவரல்ல, அது. அடிப்பதும் அவரையல்ல, அதை. வேப்பிலை, உடுக்கை, சாட்டை, கடைசியில் சங்கிலி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துக் காசு பார்த்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தது. கொட்டகையில் கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை விதிக்கிறது.

ஏர்வாடியில் இப்போது தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். தொழுகையும் மருந்தும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. வரும் குடும்பங்கள் ‘பேய் பிடிச்சிருக்கு’, ‘செய்வினை வச்சுட்டாங்க’, ‘காத்துக் கருப்பு’ என்று தங்களுக்குத் தெரிந்த சொல்லில்தான் நோயைச் சொல்லும். அவற்றில் எது உறக்கமின்மை, எது மனச்சோர்வு, எது மனச்சிதைவு என்று ஊர்வாரியாக, வட்டார வழக்கோடு தொகுத்த ஓர் அகராதி செவிலியர் கையிலும் கிராம சுகாதாரப் பணியாளர் கையிலும் இருந்தால், நோயாளி சங்கிலிக்குப் போவதற்கு முன் மாத்திரைக்கு வந்து சேர வழி பிறக்கும். அந்த அகராதியைத் தொகுக்கத் தமிழ்த்துறையும் மருத்துவத்துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கோடாங்கியிடமும் பூசாரியிடமும் மருத்துவச்சியிடமும் போக வேண்டும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பையே முன்வைத்து உரை நிறைவடைகிறது.